கிரேக்க நாடகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்க நாடகங்களைப் படிக்கத் தொடங்குபவர்கள் கேட்கும் கேள்விகளும், படித்து முடித்தவர்கள் வாதத்துக்கு இழுக்கும் கேள்விகளும் இங்கே கலந்து கிடக்கின்றன. ஹோமரின் காவியங்களையும் மற்றக் கவிஞர்களையும் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டேன். நாடகம் பற்றியே சொல்ல நிறைய இருக்கிறது.

கிரேக்க நாடகம் எந்தக் காலத்தைச் சேர்ந்தது?

நாடு முழுவதும் பல நூற்றாண்டுகளாக எழுதிக் குவித்தது என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. நம் கையில் முழுமையாக உள்ள துன்பியல் நாடகங்கள் ஏறக்குறைய எல்லாமே ஏதென்ஸ் என்ற ஒரே நகரத்தின் ஈஸ்கிலஸ், சோஃபோக்ளிஸ், யூரிப்பிடிஸ் என்ற மூன்று எழுத்தாளர்களுடையவை. எழுபது ஆண்டு இடைவெளிக்குள் அடங்கிவிடுபவை. மிகப் பழையது ஈஸ்கிலஸ் கி.மு. 472இல் அரங்கேற்றிய ‘பாரசீகர்கள்’. கடைசியானது சோஃபோக்ளிஸ் இறந்த பின் அவருடைய பேரன் கி.மு. 401இல் அரங்கேற்றிய ‘கொலோனஸில் ஈடிபஸ்’. யூரிப்பிடிஸ் பெயரில் உள்ள ‘ரீசஸ்’ மட்டும் அவர் எழுதியதுதானா, அந்தக் காலத்ததுதானா என்ற சர்ச்சையில் இருக்கிறது.

இந்த எழுபது ஆண்டுகளில்தான் ஏதென்ஸ் கடல் வல்லரசாக எழுந்து, ஸ்பார்ட்டாவுடன் நீண்ட போரில் இறங்கி, கி.மு. 404இல் தோற்றுச் சரணடைந்தது. நாடகங்களில் போரும் அகதிகளும் பழிவாங்கலும் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

நாடகம் கோயில் சடங்கா, பொழுதுபோக்கா?

இரண்டும். கூடவே போட்டியும். டயோனைசஸ் என்ற மதுக் கடவுளுக்கு வசந்த காலத்தில் எடுத்த பெருவிழாவில் அக்ரோபோலிஸ் குன்றின் தென்சரிவில் நாடகங்கள் நடந்தன. மூன்று கவிஞர்கள் களம் இறங்குவார்கள். ஒவ்வொருவரும் மூன்று துன்பியல் நாடகங்களும், அவற்றின் இறுக்கத்தைக் கலைக்க ஒரு கேலிக்கூத்தும் தர வேண்டும். பத்து நடுவர்கள் தங்கள் தீர்ப்பை எழுதிக் குடத்தில் போடுவார்கள். அதிலிருந்து ஐந்து தீர்ப்புகளை மட்டும் குலுக்கி எடுத்து முடிவு செய்வார்கள். லஞ்சத்தைத் தடுக்க நல்ல உத்தி.

நடுவர்களின் ரசனையை மட்டும் நம்பிவிடாதீர்கள். இன்று உலகமே கொண்டாடும் ‘ஈடிபஸ் மன்னன்’ முதல் பரிசு பெறவில்லை. அந்த ஆண்டு வென்றவர் ஈஸ்கிலஸின் மருமகன் முறையான ஃபிலோக்ளிஸ். அவர் எழுதிய ஒரு நாடகம்கூட இன்று முழுதாக இல்லை. யூரிப்பிடிஸின் ‘மீடியா’ கி.மு. 431இல் மூன்றாம் இடம் பெற்றது. போட்டியிட்டவர்களே மூன்று பேர்தான்.

செலவை யார் ஏற்றார்கள்?

நகரத்தின் பணக்காரர்கள். ஒவ்வொரு கவிஞருக்கும் ஒரு செல்வரை அரசு நியமிக்கும். கோரஸ் எனப்படும் பாடல்-ஆடல் குழுவின் பயிற்சி, உணவு, உடை எல்லாம் அவர் பொறுப்பு. இது வரி மாதிரியும் புகழ் மாதிரியும் இருந்தது. ‘பாரசீகர்கள்’ நாடகத்துக்குச் செலவு செய்தவர், பின்னாளில் ஏதென்ஸின் பெருந்தலைவராக விளங்கிய பெரிக்ளிஸ். அப்போது அவர் இளைஞர்.

லிசியாஸ் என்ற வழக்குரை எழுத்தாளரின் உரை ஒன்றில், துன்பியல் கோரஸ் ஒன்றுக்கு 3,000 திராக்மா செலவழித்ததாக ஒருவர் நீதிமன்றத்தில் கணக்குச் சொல்கிறார். அக்காலத்தில் கைத்தொழில் தெரிந்தவரின் ஒரு நாள் கூலி ஏறத்தாழ ஒரு திராக்மா.

மேடையில் எத்தனை பேர் நடித்தார்கள்?

பேசும் நடிகர்கள் மூன்று பேர். முதலில் ஒருவர்தான் இருந்தார். இரண்டாமவரைச் சேர்த்தவர் ஈஸ்கிலஸ், மூன்றாமவரைச் சேர்த்தவர் சோஃபோக்ளிஸ் என்று அரிஸ்டாட்டில் எழுதுகிறார். எல்லாரும் ஆண்கள். முகமூடி அணிந்திருந்ததால் ஒரே நடிகர் அரசியாக வெளியே போய்த் தூதனாகத் திரும்பி வர முடிந்தது. இவர்களைத் தவிர 12 பேர், பின்னாளில் 15 பேர் கொண்ட கோரஸ் நடன வட்டத்தில் பாடி ஆடும். அரசியல் நகைச்சுவையான அங்கத நாடகம் என்றால் 24 பேர்.

புத்தகத்தில் படிக்கும்போது கோரஸ் பாடல்களைத் தாண்டிப் போய்விடும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்த இசையும் ஆட்டமும் நமக்குக் கிடைக்கவில்லை, எஞ்சியிருப்பது சொல் மட்டும்தான். ஆனாலும் தாண்டாதீர்கள். ‘அகமெம்னான்’ நாடகத்தின் முதல் கோரஸ் பாடலில்தான், போருக்குக் கப்பல் புறப்பட வேண்டும் என்று தந்தை தன் மகளையே பலி கொடுத்த கதை சொல்லப்படுகிறது. அதை விட்டுவிட்டால் மனைவி அவனைக் கொல்வது வெறும் கள்ளக்காதல் கொலையாகத் தோன்றும்.

கொலைகளை ஏன் மேடையில் காட்டுவதில்லை?

பெரும்பாலும் கதவுக்குப் பின்னால்தான் சாவு. ஒரு தூதன் ஓடி வந்து நடந்ததைச் சொல்வான், அல்லது சக்கரம் வைத்த பலகையில் பிணம் வெளியே தள்ளப்படும். காரணம் பலவாறு சொல்லப்படுகிறது. மூன்றே நடிகர்கள் என்பதும் ஒன்று. பிணமாகக் கிடப்பவர் அடுத்த காட்சியில் யார் வேடமும் கட்ட முடியாது. என் பார்வையில், தூதனின் பேச்சுதான் இந்த நாடகங்களின் உச்சம். ‘மீடியா’வில் விஷம் தோய்ந்த உடையை உடுத்திய மணப்பெண்ணின் தோல் எரிந்து கழல்வதைத் தூதன் விவரிக்கும் பகுதியை எந்த மேடைத் தந்திரத்தாலும் காட்டிவிட முடியாது.

அரசை விமர்சிக்கும் சுதந்திரம் இருந்ததா?

வியப்பூட்டும் அளவுக்கு இருந்தது, எல்லையும் இருந்தது.

எல்லையை முதலில் சொல்கிறேன். கி.மு. 494இல் பாரசீகர்கள் மிலெட்டஸ் நகரை அழித்தார்கள். ஏதென்ஸ் மக்களுக்கு அது உறவுக்கார ஊர். ஃபிரினிக்கஸ் என்ற கவிஞர் அதை நாடகமாக்கினார். அரங்கமே அழுதது. சொந்த வீட்டுத் துயரை நினைவூட்டினார் என்று அவருக்கு 1,000 திராக்மா அபராதம் விதித்து, அந்த நாடகத்தை இனி யாரும் நடிக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டார்கள் என வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் பதிவு செய்திருக்கிறார். அதன் பிறகு கவிஞர்கள் பெரும்பாலும் ட்ராய், தீப்ஸ் என்று பழங்கதைகளுக்குள் நின்றுகொண்டே நடப்பு அரசியலைப் பேசினார்கள்.

இனி சுதந்திரம். விழாத் தொடக்கத்தில், அடங்கிய நட்பு நாடுகள் செலுத்திய கப்பப் பணம் அரங்கில் எல்லாருக்கும் காட்டப்படும். போரில் தந்தையை இழந்து அரசால் வளர்க்கப்பட்ட பையன்கள் ஆயுதம் தரித்து அணிவகுப்பார்கள். வல்லரசின் முழுப் பெருமிதம். அதே அரங்கில் கி.மு. 415இல் யூரிப்பிடிஸ் ‘ட்ராய் நகரப் பெண்கள்’ நாடகத்தை நிகழ்த்தினார். தோற்ற நகரின் பெண்கள் யார் யாருக்கு அடிமையாகப் போகப்போகிறோம் என்று காத்திருப்பதே கதை. ஒரு கைக்குழந்தையை மதிலிலிருந்து எறிந்து கொல்கிறார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஏதென்ஸ் படை மெலோஸ் தீவின் ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றிருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் அந்த முடிவுக்கு வாக்களித்தவர்களும் இருந்திருப்பார்கள். நாடகத்துக்கு இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். அந்தக் கோடையிலேயே சிசிலி மீது படையெடுக்கவும் கிளம்பினார்கள்.

அங்கத நாடகத்தில் மறைப்பே கிடையாது. அரிஸ்டோஃபனிஸ் கி.மு. 424இல் ‘குதிரை வீரர்கள்’ நாடகத்தில் அன்றைய செல்வாக்கு மிக்க தலைவர் கிளியோனைத் திருட்டு அடிமையாகச் சித்திரித்து முதல் பரிசு வாங்கினார். சிரித்துக் கைதட்டிய அதே மக்கள் சில வாரங்களில் கிளியோனைத் தளபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். கலை உலகை மாற்றிவிடும் என்று மேடைதோறும் முழங்குபவர்களுக்கு இந்தத் தகவலைச் சமர்ப்பிக்கிறேன்.

எதிரியை வில்லனாகக் காட்டாதது ஏன்?

‘பாரசீகர்கள்’ இதற்குச் சிறந்த சான்று. ஏதென்ஸை எரித்த பாரசீகப் படை கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் தோற்றது. எட்டு ஆண்டு கழித்து ஈஸ்கிலஸ் அதை நாடகமாக்கியபோது கதையை வென்றவர் ஊரில் வைக்கவில்லை. சூசா நகர அரண்மனையில், மகன் திரும்பி வருவானா என்று கலங்கும் பாரசீக அரசியிடம் வைத்தார். நாடகம் கந்தல் உடையில் வந்து நிற்கும் மன்னனின் ஒப்பாரியோடு முடிகிறது. எழுதியவர் மராத்தான் போர்க்களத்தில் பாரசீகர்களோடு நேருக்கு நேர் சண்டையிட்டவர். வெற்றிக் களிப்பும் அதில் இருக்கிறது என்பவர்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனாலும் எதிரியின் தாய்க்கு அத்தனை கண்ணியம் கொடுத்த போர்க்கதைகள் அதற்குப் பின்னும் அதிகம் வரவில்லை.

ஈடிபஸ் செய்த குற்றம் என்ன? எல்லாம் விதி என்றால் நாடகம் எதற்கு?

தந்தையைக் கொல்வாய், தாயை மணப்பாய் என்று தெய்வவாக்கு சொன்னது. அதிலிருந்து தப்ப ஓடியவன், அறியாமல் அதையே செய்துவிடுகிறான். இதுவரைதான் விதி. ஆனால் இவை எதுவுமே மேடையில் நடப்பதில்லை. நாடகம் தொடங்கும்போது எல்லாம் நடந்து முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

மேடையில் நடப்பது விசாரணை. தீப்ஸ் நகரில் கொள்ளைநோய். பழைய அரசனின் கொலையாளி ஊரில் இருப்பதே காரணம் என்று தெரிகிறது. அவனைக் கண்டுபிடிப்பேன் என்று ஈடிபஸ் சபதம் செய்கிறான். குருட்டு ஞானி டைரீசியஸ் ‘விட்டுவிடு’ என்கிறார். உண்மையை முன்பே ஊகித்துவிட்ட அவன் மனைவி (உண்மையில் தாய்) ஜொகாஸ்டா ‘கேட்காதே’ என்று கெஞ்சுகிறாள். கிழட்டு இடையன் வாய் திறக்க மறுக்கிறான். ஒவ்வொரு முறையும் நிறுத்த வழி இருக்கிறது, ஈடிபஸ் நிறுத்தவில்லை. கொலையாளியைத் தண்டிக்கச் சொன்னது தெய்வவாக்குதான், ஆனால் தன் பிறப்பு வரை தோண்டிக்கொண்டே போகச் சொல்லி அது கட்டாயப்படுத்தவில்லை. ஊரைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்லெண்ணமும், புதிர் விடுத்த ஸ்ஃபிங்ஸ் என்ற அரக்கியை வென்ற மூளையின் கர்வமும் சேர்ந்து அவனைத் தள்ளுகின்றன. துப்பறிவாளனே குற்றவாளி என்ற கதை அமைப்பு அங்கேதான் முழு உருவம் பெற்றது. ‘என்ன குற்றம் செய்தான்’ என்று தேடித் தேடி அவன் கோபத்தையோ ஆணவத்தையோ தண்டனைக்குக் காரணமாக ஒட்டுவது பள்ளிக்கூடத்து நீதிபோதனைப் பழக்கம். தண்டனைக்கேற்ற குற்றம் அந்த நாடகத்தில் கிடையாது. அதனால்தான் அது பயமுறுத்துகிறது.

அப்படியானால் ஃபிராய்டு சொன்ன ஈடிபஸ் சிக்கல்?

மகனுக்குத் தாய்மீது உள்ளூர ஆசை உண்டு என்பது உளவியலாளர் ஃபிராய்டின் கோட்பாடு, சோஃபோக்ளிஸின் கதை அல்ல. வளர்த்த தாயைச் சொந்தத் தாய் என்று நம்பி, அவளருகில் இருக்கவே அஞ்சி நாட்டை விட்டு ஓடியவன் ஈடிபஸ். தாய்மீது ஆசை என்பது அவனிடம் எங்கே இருக்கிறது?

ஆன்டிகனி, கிரியோன்: யார் சரி?

அண்ணன் பாலினைசீஸின் உடலை யாரும் புதைக்கக் கூடாது என்று மன்னன் கிரியோன் ஆணையிடுகிறான். தங்கை ஆன்டிகனி மீறி மண் தூவுகிறாள், உயிரோடு அடைக்கப்படுகிறாள். நம் அனுதாபம் முழுவதும் அவள் பக்கம். ஆனால் கிரியோனின் வாதத்தைக் காது கொடுத்துக் கேட்காமல் நாடகம் புரியாது. அந்த அண்ணன் அந்நியப் படையைத் திரட்டிக்கொண்டு தன் ஊரையே அழிக்க வந்தவன். ஏதென்ஸிலும் துரோகிகளை நாட்டு மண்ணில் புதைக்கத் தடை இருந்தது. எல்லைக்கு வெளியே புதைத்துக்கொள்ளலாம். கிரியோன் அதற்கும் இடம் தராமல் பிணத்தை நாய்க்கும் பருந்துக்கும் விட்டான், அதுதான் வரம்பு மீறல். ‘ஒரே மனிதனுக்குச் சொந்தமான ஊர் ஊரே அல்ல’ என்று அவனிடம் சொல்வது அவன் பெற்ற மகன் ஹைமோன். ஆன்டிகனியும் இனிமையானவள் அல்ல. உதவ வரும் தங்கை இஸ்மினியை அவள் உதறும் விதத்தைப் பாருங்கள்.

இந்த நாடகங்கள் நிலைத்ததற்கு என்னிடம் ஒரு விடை உண்டென்றால் இதுதான்: இரு தரப்புக்கும் பேசுவதற்கு நியாயமான வாதத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, கவிஞர் ஒதுங்கிக்கொள்கிறார். ஏதென்ஸ் வழக்காடிப் பழகிய ஊர், அந்தப் பழக்கம் நாடகத்திலும் ஏறியிருக்கிறது. அடுத்த ஊர்க்காரன் தன் வழக்கை அதற்குள் வைத்துப் பார்க்க இடம் இருக்கிறது.

எத்தனை நாடகங்கள் எஞ்சியுள்ளன? எப்படித் தப்பின?

ஈஸ்கிலஸ் 7 (அதில் ‘கட்டுண்ட ப்ரொமீதியஸ்’ அவருடையதா என்பது விவாதம்), சோஃபோக்ளிஸ் 7, யூரிப்பிடிஸ் ‘ரீசஸ்’ உட்பட 19, அரிஸ்டோஃபனிஸ் 11. சோஃபோக்ளிஸ் மட்டுமே 120க்கும் மேல் எழுதியவர்.

தப்பிய விதம் பாதி பாடத்திட்டம், பாதி அதிர்ஷ்டம். பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கத் தேர்ந்தெடுத்த சில நாடகங்களையே பிற்காலத்தவர் மறுபடி மறுபடி பிரதியெடுத்தார்கள். மற்றவை மக்கிப்போயின. யூரிப்பிடிஸுக்கு மட்டும் ஒரு விசித்திர யோகம். அவருடைய நாடகங்களை அகரவரிசையில் அடுக்கிய முழுத்தொகுப்பு ஒன்றின் ஒரு பகுதி மட்டும் எப்படியோ பிழைத்து, 14ஆம் நூற்றாண்டில் பிரதியெடுக்கப்பட்டு இன்று ஃப்ளாரன்ஸ் நூலகத்தில் இருக்கிறது. அதன் புண்ணியத்தில் கிரேக்க நெடுங்கணக்கின் நடுவே அடுத்தடுத்து வரும் எழுத்துகளில் தலைப்புத் தொடங்கும் ஒன்பது நாடகங்கள் கூடுதலாகக் கிடைத்தன. முழுமையாகக் கிடைத்த ஒரே கேலிக்கூத்தான ‘சைக்ளோப்ஸ்’ அந்த ஒன்பதில் ஒன்று. மற்ற இருவரின் நாடகங்களில் நாம் வாசிப்பது ஆசிரியர்கள் பொறுக்கித் தந்த சிறந்தவற்றை. யூரிப்பிடிஸிடம் மட்டும் பொறுக்காத சரக்கும் கிடைக்கிறது. அவர் ‘ஏற்ற இறக்கம் உள்ளவர்’ என்ற விமர்சனத்தைப் படிக்கும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்.

இன்னொரு கதையை மருத்துவர் காலென் எழுதி வைத்திருக்கிறார். எகிப்து மன்னன் மூன்றாம் டாலமி, ஏதென்ஸ் அரசு பாதுகாத்த மூலப்பிரதிகளை 15 தாலந்து வெள்ளியைப் பிணையாகக் கட்டி இரவல் வாங்கினான். அலெக்சாந்திரியா நூலகத்துக்கு மூலத்தை வைத்துக்கொண்டு, அழகான நகல்களைத் திருப்பி அனுப்பிவிட்டான். பிணைத்தொகை போனால் போகட்டும் என்றான். புத்தகத்தை இரவல் கொடுத்து ஏமாந்தவர்களுக்கு அரச பரம்பரையிலேயே முன்னோடி உண்டு.

மண்ணுக்குள்ளிருந்தும் வருகிறது. எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் என்ற பழைய ஊரின் குப்பை மேடுகளை 1896 முதல் தோண்டியபோது, சோஃபோக்ளிஸின் கேலிக்கூத்து ஒன்றில் ஏறக்குறைய பாதி கிடைத்தது. பிற்கால நகைச்சுவைக் கவிஞர் மெனாண்டரின் ‘சிடுமூஞ்சி’ இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பாப்பிரஸ் ஒன்றிலிருந்து ஏறக்குறைய முழுசாக மீண்டது.

காலம், இடம், செயல் என்ற மூன்று ஒருமைகள் அரிஸ்டாட்டில் விதித்தவையா?

இல்லை. அவருடைய ‘கவிதையியல்’ நூல் வலியுறுத்துவது செயலின் ஒருமையை மட்டும். துன்பியல் நாடகம் இயன்றவரை ஒரு நாளுக்குள் அடங்க முயல்கிறது என்று ஒரு வாக்கியம் உண்டு. இடத்தைப் பற்றி விதியே இல்லை. மூன்றையும் சட்டமாக்கியவர் இத்தாலிய உரையாசிரியர் கஸ்டெல்வெட்ரோ, 1570இல். அந்தச் சட்டத்தை வைத்துப் பிரெஞ்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டு முழுவதும் சண்டை போட்டார்கள்.

பிற்காலத்தில் யார் யார் இவற்றை எடுத்தாண்டார்கள்?

பட்டியல் போட்டால் முடியாது, சிலவற்றை மட்டும் சொல்கிறேன். கிரேக்கத் துன்பியல் முழுவதும் பாட்டாகவே பாடப்பட்டது என்று 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃப்ளாரன்ஸ் அறிஞர்கள் சிலர் நம்பினார்கள். அதை மீட்க முயன்றபோது ஆபரா என்ற புதுக் கலை பிறந்தது. அவர்கள் நம்பியது முழுக்கச் சரியல்ல, நமக்கு நஷ்டமும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் ‘ஆன்டிகனி’ அளவுக்குப் பயணம் செய்த நாடகம் வேறில்லை. ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸில் 1944 பிப்ரவரியில் ஜான் அனூயின் ஆன்டிகனி, தணிக்கையைத் தாண்டி மேடையேறியது. கிரியோனுக்கும் வலுவான வாதம் கொடுத்திருந்ததால், அது யாருக்குச் சாதகம் என்று அப்போதே அடித்துக்கொண்டார்கள். ராபன் தீவுச் சிறையில் கைதிகள் ஆன்டிகனியை நடித்தார்கள், அதில் கிரியோன் வேடம் ஏற்றவர் நெல்சன் மண்டேலா. தென்னாப்பிரிக்காவில் 1973இல் உருவான ‘தீவு’ நாடகம் இரண்டு கைதிகள் ஆன்டிகனியை ஒத்திகை பார்ப்பதையே கதையாக்கியது. அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி காணாமலாக்கியவர்களின் உடலுக்காக கிரிசெல்டா கம்பாரோ 1986இல் ஓர் ஆன்டிகனியை எழுதினார். உடலைக் கொடு, அடக்கம் செய்ய வேண்டும் என்ற கோரிக்கை எந்த நாட்டிலும் பழசாவதில்லை.

நைஜீரியாவின் ஓலா ரொட்டிமி 1968இல் ஈடிபஸை யோருபா ஊர்ச் சண்டைக்குள் கொண்டுவந்தார். கிரீஸிலேயே 1959இல் அரிஸ்டோஃபனிஸின் ‘பறவைகள்’ ஒரே ஒரு காட்சிக்குப் பிறகு அரசால் தடுக்கப்பட்டது. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேல் பழைய நகைச்சுவைக்குத் தடை வாங்க முடிந்ததைவிடப் பெரிய விருது எதுவும் இல்லை. இராக் போருக்கு எதிராக 2003 மார்ச் 3 அன்று அரிஸ்டோஃபனிஸின் போர் எதிர்ப்பு நாடகம் ‘லிசிஸ்ட்ராட்டா’ 59 நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வாசிக்கப்பட்டது. சிரியாவிலிருந்து அகதிகளாக வந்த பெண்கள் 2013இல் ஜோர்டானின் அம்மான் நகரில் ‘ட்ராய் நகரப் பெண்கள்’ நாடகத்தில் தங்கள் சொந்தக் கதைகளைச் சேர்த்து நடித்தார்கள்.

இந்தியாவுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

கிரேக்க நாடகத்திலிருந்து சமஸ்கிருத நாடகமோ தமிழ்க் கூத்தோ வந்தது என்று சொல்ல ஆதாரம் போதாது. ஆனால் எதிர்த்திசையில் ஒரு சுவையான துண்டு இருக்கிறது. ஆக்ஸிரிங்கஸ் குப்பையில் கிடைத்த, கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்றில் ‘காரிஷன்’ என்ற கிரேக்கக் கோமாளிக் கூத்து இருக்கிறது. இந்தியக் கடற்கரைக் கோயிலில் சிக்கிய கிரேக்கப் பெண்ணை, அண்ணன் கப்பலில் வந்து மீட்கிறான். உள்ளூர் ராஜாவுக்குத் தண்ணீர் கலக்காத மதுவை ஊற்றி மயக்குவதுதான் உத்தி. யூரிப்பிடிஸின் இஃபிஜீனியா கதையைக் கேலி செய்யும் படைப்பு. இந்தியர்கள் பேசுவதாக வரும் வரிகள் கன்னடம் என்று சிலரும், துளு என்று சிலரும் வாதிட்டார்கள். வெறும் உளறல் என்பவர்களும் உண்டு. தீர்ப்பு இன்னும் வரவில்லை. மேற்குக் கடற்கரையோடு வணிகம் செழித்திருந்த காலத்தில் எகிப்தில் உட்கார்ந்து இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் இருந்தார்கள் என்பது மட்டும் உறுதி.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

‘ஆன்டிகனி’. பிறகு ‘மீடியா’. ஒரு பிள்ளை பெறுவதைவிட மூன்று முறை போர்முனையில் நிற்பேன் என்று அவள் சொல்லும் இடத்தில் புத்தகத்தை மூடிவைத்து யோசிக்கலாம். ஆண்களே எழுதி, ஆண்களே நடித்த அரங்கில் ஒலித்த வசனம் அது. மூன்றாவதாக ஈடிபஸ். ஈஸ்கிலஸின் மூன்று நாடகத் தொகுதியான ‘ஒரெஸ்டியா’ கடினம், அவசரப்படாமல் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். அரிஸ்டோஃபனிஸை அடிக்குறிப்புகள் நிறைந்த பதிப்பில்தான் படிக்க வேண்டும், இல்லையென்றால் பாதி நகைச்சுவை காற்றில் போய்விடும்.

பழைய அரங்கிலேயே பார்க்க முடியுமா?

முடியும். சிசிலியின் சிரக்கூஸ் நகரப் பழைய அரங்கில் 1914 முதல், இடைவெளிகளோடு, நடத்தி வருகிறார்கள். ஏதென்ஸிலிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள எபிடாரஸ் அரங்கில் கோடைதோறும் விழா நடக்கிறது. வசனம் பெரும்பாலும் நவீன கிரேக்கத்தில் இருக்கும், ஆங்கில வரிகள் திரையில் ஓடும். கதையை முன்பே படித்துவிட்டுப் போங்கள். காட்சிகள் பொழுது சாய்ந்த பின் ஒன்பது மணியளவில் தொடங்கும். மேல் வரிசை மலிவு, அங்கிருந்தும் நன்றாகவே கேட்கும். இருக்கை முழுக்கக் கல் என்பதால் ஒரு மெத்தையை எடுத்துச் செல்வது நல்லது.